நாய் உங்களுடையது... அது போட்டது யாருடையது?

காலை மணி ஐந்தரை. புதுக்கோட்டையில், ஊரை ஒட்டிப் புதிதாக முளைத்த ஒரு நகர். வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, இழுத்து இழுத்துக் கோலம் போட்டு நிமிர்கிறார் அந்த அம்மா. உள்ளே போய் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தால்... கோலத்தின் ஓரத்தில் ஒரு 'அன்பளிப்பு'! தெருமுனையில், கையில் சங்கிலியோடு நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறார் எதிர்வீட்டு ரிட்டயர்டு சார். அவருக்கு முன்னால், பாரம் இறங்கிய சந்தோஷத்தில் வாலை ஆட்டியபடி ஜிம்மி.

"என்ன சார் இது, தினம் தினம்?"

"வாயில்லா ஜீவன்மா. அதுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத் தெரியாது சார். உங்களுக்குமா தெரியாது?"

அவ்வளவுதான். கறிவேப்பிலை, இட்லி மாவு, தினசரிப் பேப்பர் என்று இரண்டு வீட்டுக்கும் இடையே இருந்த போக்குவரத்து அன்றோடு நின்றது. கார்த்திகைக்குப் பொரி உருண்டைகூட எதிர்வீட்டுக்குப் போகவில்லை.

இதைப் படித்து நீங்கள் சிரித்திருக்கலாம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சாரும் ஒரு ஜிம்மியும் இருப்பார்கள். ஏன், அந்த சார் நீங்களாகவே இருக்கலாம்! ஆனால் இந்தச் சண்டையைச் சொல்ல வந்தது சிரிக்க அல்ல. அதே தெருவில் அடுத்த மாதம் நடந்ததைச் சொல்வதற்காக.

கோலம் போட்ட அம்மாவின் பேரனுக்கு ஆறு வயது. ஒரு நாள் பாதத்தில் அரிப்பு என்றான். கொசுக்கடி என்று தேங்காய் எண்ணெய் தடவினார்கள். நாலாம் நாள் பார்த்தால், யாரோ சிவப்புப் பேனாவால் நெளிநெளியாகக் கோடு போட்டதுபோல் ஒரு தடிப்பு. மறுநாள் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. ராத்திரி தூக்கமில்லை, சொறிந்து சொறிந்து புண். 'பூரான் ஓடியிருக்கும்' என்று ஒருவர், 'தேமல்' என்று ஒருவர், மந்திரிக்கச் சொன்னவர் ஒருவர். தோல் டாக்டர் காலைப் பார்த்தார். பார்த்ததுமே கேட்டார்:

"வீட்டு வாசல்ல மணல் கொட்டியிருக்கா?"

ஆமாம், கொட்டியிருந்தது. மாடி எடுப்பதற்காக இறக்கிய மணல் இரண்டு மாதமாகத் தெருவோரம் குவிந்து கிடந்தது. பகலில் அது பையன்களுக்கு மலை, கோட்டை, சறுக்குமரம். விடியற்காலையிலும் ராத்திரியிலும்? அது நாய்க்கும் பூனைக்கும் கழிப்பறை!

தோலுக்குள் ஊரும் புழு

நாயின் குடலில் கொக்கிப்புழு என்று ஒன்று வசிக்கிறது. டாக்டர்கள் 'அன்கைலோஸ்டோமா' என்பார்கள். பூனைக்கும் உண்டு. இதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். நிழலும் ஈரமும் உள்ள மணல் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுக்குஞ்சு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்காலோடு ஒரு குழந்தை வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி.

நம் உடம்பு இந்தப் புழுவுக்குச் சரியான வீடு அல்ல. உள்ளே போகவும் தெரியாமல், வெளியே வரவும் தெரியாமல், தோலின் மேலடுக்கிலேயே வழி தேடி ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பாதைதான் சிவப்புக் கோடு. பயப்பட வேண்டாம், உயிருக்கு ஆபத்து கிடையாது. சரியான மாத்திரை கொடுத்தால் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் அது என்னவென்று தெரிகிறவரை அந்தக் குழந்தை படுகிற பாடு இருக்கிறதே... பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது ரொம்பப் பொருந்துகிற விஷயம். நாம் செருப்பைக் கழற்றுகிற மக்கள். கோயிலுக்கு வெறுங்கால், நார்த்தாமலை பங்குனித் திருவிழாவுக்கு வெறுங்கால், பாதயாத்திரைக்கு வெறுங்கால். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் போனால் கடற்கரை மணல். அங்கப்பிரதட்சிணம் செய்கிறவருக்குக் கால் மட்டுமா, முதுகும் தோளும் தரையில்தான். செருப்பு போடுங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடலாம். சன்னிதிக்குள் எப்படிப் போடுவது? அதனால் தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒன்றுதான் நமக்கு வழி.

கண்ணைக்கூட விடாத இன்னொன்று

இதைவிட முக்கியமானது உருண்டைப்புழு. 'டாக்சோகாரா' என்பது அதன் பெயர். பெரும்பாலான குட்டிகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே இதை வாங்கிக்கொண்டுதான் பிறக்கின்றன. 'நல்ல பிரீட், பேப்பரோட வாங்கினோம்' என்று சொல்வதெல்லாம் இதன் முன் செல்லாது. பொமரேனியனாக இருந்தாலும் சரி, சிப்பிப்பாறையாக இருந்தாலும் சரி, குட்டியின் வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் உள்ளே கூட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு பெண்புழு ஒரு நாளில் லட்சத்துக்கும் மேல் முட்டையிடக் கூடியது.

இந்த முட்டை மண்ணில் கிடந்து, குழந்தையின் கையில் ஒட்டி, கை வாய்க்குப் போய், குடலில் பொரிந்தால், புழுக்குஞ்சு ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஈரலுக்குப் போனால் காய்ச்சல், வயிற்றுவலி. நுரையீரலுக்குப் போனால் விடாத இருமல், இழைப்பு. பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அபூர்வமாகக் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 1950-ல் அமெரிக்காவில், புற்று என்று நினைத்து எடுக்கப்பட்ட குழந்தைகளின் கண்களைப் பரிசோதித்தபோதுதான், உள்ளே இருந்தது புழு என்று தெரிய வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1952-ல், பால் பீவர் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் குழந்தைகளின் உடலுக்குள் அலைவது நாயின் உருண்டைப்புழுதான் என்று நிரூபித்தார்கள்.

பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். அதனால் குழந்தைக்கே தெரியாது. மற்ற கண்ணால் சமாளித்துக்கொண்டிருக்கும். ஒரு கண்ணைப் பொத்தினால் 'தெரியல' என்றாலோ, திடீரென்று மாறுகண் விழுந்தாலோ, கண்ணின் கருமணியில் வெள்ளையாகப் பளிச்சிட்டாலோ, சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றே கண் டாக்டர்.

'பள்ளிக்கூடத்தில்தான் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே!' என்கிறீர்களா? 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று நடத்தி, அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம், தவறாமல் சாப்பிட வையுங்கள். ஆனால் அது மனிதக் குடலில் குடியிருக்கும் புழுக்களுக்கான மாத்திரை. நாயின் புழுக்குஞ்சு குடலில் தங்குவதில்லை. தசைக்கும் ஈரலுக்கும் கண்ணுக்கும் போய்விடுகிறது. ஒற்றை மாத்திரை அங்கே எட்டாது.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை வெளியே வந்தவுடன் நோய் தராது. மண்ணில் கிடந்து 'பழுக்க' அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். பழுத்துவிட்டால் வருஷக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். மழையும் அசைக்காது, பினாயிலும் அசைக்காது, பிளீச்சிங் பவுடரும் அசைக்காது. அதாவது, அன்றைக்கே அள்ளிவிட்டால் அது வெறும் அசிங்கம். ஒரு மாதம் கழித்து, மழையில் கரைந்து, ஒன்றுமே இல்லாததுபோல் தெரிகிற மண்ணில்தான் வியாதி இருக்கிறது. 'காய்ஞ்சு மண்ணோட மண்ணாப் போயிடும் சார்' என்பார்கள். மண்ணோடு மண்ணாகப் போவதுதான் வினையே.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறதா? சுத்தமாக வைத்திருக்கும் நாயைத் தடவிக் கொடுப்பதால் இந்தப் புழு வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. குழந்தைக்கும் நாய்க்கும் உள்ள சிநேகத்தைப் பிரித்துவிடாதீர்கள். விளையாடிவிட்டுச் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும்.

கறிக்கடை எச்சம்

கறிக்கடையில் வெட்டிப் போடும் ஈரல் துண்டு, நுரையீரல் துண்டை 'நாய்க்குத்தானே' என்று வாங்கி வந்து பச்சையாகப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி இருந்தால், அதிலிருந்து 'எக்கினோகாக்கஸ்' என்ற குட்டி நாடாப்புழு நாயின் குடலுக்குப் போகும். இதன் முட்டை மட்டும் இரண்டு வாரம் காத்திருப்பதில்லை. வெளியே வந்த நிமிஷத்திலிருந்தே தொற்றும். மனிதனுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். வருஷக் கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, பெரும்பாலும் ஆபரேஷனில் போய் நிற்கும். போட்டால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள்.

சிறுநீர் விஷயமும் இருக்கிறது. எலிக்காய்ச்சல் என்கிறோமே, அந்தக் கிருமி நாயின் சிறுநீரிலும் வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீரில் கால் வெடிப்போடு நடக்கும்போது கவனம். நாய்க்கு வருஷா வருஷம் போடும் ஊசியில் இதற்கும் சேர்த்துப் போடச் சொல்லலாம்.

இரண்டு பயங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வெறிநாய்க்கடி நோய் மலத்தால் வராது. கடியாலும், புண்ணில் எச்சில் படுவதாலும்தான் வரும். கர்ப்பிணிகள் பயப்படுகிற டாக்சோபிளாஸ்மா நாயின் மலத்தில் வருவதில்லை; அது பூனையின் சமாசாரம். 'மருமகள் முழுகாம இருக்கா, நாயைக் கொண்டுபோய் விட்டுடு' என்று நாயைத் தஞ்சாவூர் ரோட்டில் இறக்கிவிட்டு வருவது பாவம் மட்டுமல்ல, அறியாமையும்கூட.

சாணம் தெளிக்கலாம், இதை ஏன் கூடாது?

ஒரு பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. "மாட்டுச் சாணிய வாசல்ல தெளிக்கிறோம், வயலுக்குப் போடுறோம். நாய் போட்டது மட்டும் எருவாகாதா தம்பி?" நியாயமான கேள்விதான். மாடு தின்பது புல்லும் வைக்கோலும். நாய் தின்பது நாம் தின்பதையும் கறியையும் எலும்பையும். கிட்டத்தட்ட மனிதக் கழிவுக்கு உள்ள எல்லாக் குணமும் நாய்க் கழிவுக்கும் உண்டு. மனிதக் கழிவை நேராகக் கீரைப் பாத்தியில் கொட்டுவோமா? ரோஜாத் தொட்டியில், கறிவேப்பிலைச் செடியின் அடியில் இதைத் தள்ளிவிடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். (சாணத்திலும் கிருமி உண்டு என்று நான் சொன்னபோது பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. அது வேறு கட்டுரை!)

அளவு என்ன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ராஜபாளையம், லாப்ரடார் மாதிரிப் பெரிய நாய் தினமும் கால் கிலோவுக்கு மேல் போடும். ஒரு வார்டில் அப்படி நூறு நாய் இருந்தால் தினம் 25 கிலோ. மாதம் 750 கிலோ. இவ்வளவும் எங்கே போகிறது? கொஞ்சம் மண்ணுக்கு, கொஞ்சம் செருப்பில், வண்டிச் சக்கரத்தில். மழை வந்தால் மிச்சம் வாய்க்காலுக்கு.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தனி உரிமையே இருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1878-ல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி காலத்தில், நேர்கோட்டில் அகலமான வீதிகளோடு திருத்தி அமைக்கப்பட்ட ஊர் இது. கீழ ராஜ வீதியில் நின்று பார்த்தால் அது இன்றும் தெரியும். பல்லவன் குளமும் புதுக்குளமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. தெருவில் கரைவது எதுவோ, அது கடைசியில் பள்ளத்தைத் தேடித்தான் போகும். 2024-ல் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

அள்ளுகிறவர் யார்?

இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. காலை ஆறு மணிக்கு விளக்குமாறும் தள்ளுவண்டியுமாக வருகிற தூய்மைப் பணியாளர்தான் அள்ளுகிறார். நம் வீட்டு ஜிம்மியின் கழிவை, குப்பையோடு குப்பையாக, பல நேரம் வெறுங்கையால். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. நாயின் கழிவு அந்தச் சட்டத்தில் வராது. ஆனால் அள்ளுகிற கை ஒரே கைதான். அவர் வீட்டிலும் சின்னக் குழந்தைகள் இருப்பார்கள். அந்தக் கையோடுதான் அவர் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

நாய் வளர்ப்பது உங்கள் சந்தோஷம். அதன் மிச்சத்தை இன்னொருவர் சுமக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

நியூயார்க்கிலும் இதே சண்டைதான்

வெள்ளைக்காரர்கள் பிறவியிலேயே சுத்தக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 1970-களில் நியூயார்க் நடைபாதையில் குனிந்து பார்த்துத்தான் நடக்க வேண்டும். பிரான் லீ என்ற பெண்மணி, டாக்சோகாரா புழுவைப் பற்றித் தெரிந்துகொண்டு, 'நாய்களைவிடக் குழந்தைகள் முக்கியம்' என்று இயக்கமே நடத்தினார். நாய்க்காரர்கள் அவரை வசைபாடினார்கள். கடைசியில், நாய் போட்டதை நாய்க்குச் சொந்தக்காரரே எடுக்க வேண்டும் என்ற சட்டம் 1978 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. யார் குனிந்து எடுப்பார்கள் என்று கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் எடுத்தார்கள்! போலீஸ் பிடித்ததைவிட, பக்கத்து வீட்டுக்காரர் முறைத்ததுதான் அதிகம் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள்! கேட்டுப் பாருங்கள். அங்கே எடுக்காமல் போனால் முதல் தடவைக்கே ஆயிரம் வெள்ளி வரை அபராதம். மும்பையில் 2006-ல் வந்த மாநகராட்சித் துணைவிதிகளில் இதற்கு 500 ரூபாய் அபராதம் உண்டு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று சொன்னார்கள். நாய்ப் பிரியர்கள் அந்த வரியை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பொது இடத்தில் நாய் போட்டதை நாய்க்காரர் சுத்தம் செய்ய வேண்டும் என்ற அறிவுரையும் அதிலேயே இருக்கிறது!

எப்படி எடுப்பது? அருவருப்பாக இருக்குமே!

குழந்தைக்குக் கால் கழுவிவிட்டவர்கள்தானே நாம்? இரண்டு நாள் குமட்டும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

முதலில், தெருவுக்கே போகாமல் பார்க்கலாம். சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலான நாய்களுக்கு வயிறு வேலை செய்யும். சாப்பாட்டை நேரம் தவறாமல் வையுங்கள். அந்த நேரத்துக்குக் கொல்லைப்புறத்தில் ஒரே மூலைக்குக் கூட்டிப் போங்கள். பழைய வாசனை அதற்கு அடையாளம். போய் முடித்ததும் 'குட் பாய்' என்று ஒரு பிஸ்கட் துண்டு. இரண்டு மூன்று வாரத்தில் குட்டி பழகிவிடும். வளர்ந்த நாய்க்குக் கொஞ்சம் கூட நாள் பிடிக்கும். அப்புறம் வாக்கிங் உண்மையிலேயே வாக்கிங்தான்.

தெருவில்தான் போவேன் என்று அடம் பிடித்தால், பழைய செய்தித்தாளில் நாலைந்து துண்டு பையில் இருக்கட்டும். நாய் சுற்றிச் சுற்றி வந்து முதுகை வளைக்கும்போதே ஒரு தாளைப் பின்னால் நீட்டிவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அது வராவிட்டால், கழுவிக் காய வைத்த ஒரு லிட்டர் பால் கவர் அல்லது ரொட்டி கவர். கவருக்குள் கையை விட்டு, கையுறைபோல் எடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பினால் முடிந்தது, கையில் ஒட்டாது. புதுக் கேரி பேக் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. குனிய முடியாத முழங்கால்காரர்களுக்கு நீளக் கைப்பிடி வைத்த தகர முறமும் ஒரு தகடும் போதும். பட்டறையில் சொன்னால் அடித்துக் கொடுப்பார்கள்.

எடுத்ததை எங்கே போடுவது? வீட்டுக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவது நல்லது. தாளும் கவரும் உள்ளே போகக் கூடாது, அடைத்துக்கொள்ளும். ஒரு நாயின் கழிவால் செப்டிக் டேங்குக்கு ஒன்றும் ஆகாது. இடம் இருக்கிறவர்கள் கிணறு, போர், கீரைப்பாத்திக்குத் தள்ளி ஒன்றரை அடிக் குழி தோண்டி, போடப் போட மண்ணைத் தள்ளி மூடலாம். தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பையோடு கலந்து கொடுக்காதீர்கள். அவர் அதைக் கையால் பிரிக்கிறவர். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு சுற்று தாளில் கட்டி, இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

அடுத்தவர் கேட்டிலும் பைக் சக்கரத்திலும் கால் தூக்குகிற ஆண் நாய்க்கு, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். ஊற்றிவிட்டு நடக்கலாம்.

கூடவே புழு மருந்து. குட்டிக்கு இரண்டு வாரத்தில் முதல் டோஸ், இரண்டு மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆறு மாதம்வரை மாதம் ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எடையைப் பொறுத்து அளவு மாறும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காமல் கால்நடை டாக்டரிடம் எடை போட்டுக் கேளுங்கள். பக்கத்து வீட்டு நாய் போட்டதை உங்கள் குட்டி மோந்து பார்த்தாலே பார்வோ வைரஸ் வந்து, ரத்தமாகக் கழிந்து இரண்டே நாளில் போய்விடலாம். ஆகவே நாலு பேரும் அள்ளினால் நாலு நாய்க்கும் லாபம்.

மணல் இறக்கியிருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நாலு செங்கல் பாரம் வைத்தால் போதும். மேலே சொன்ன பையனின் கதையில், அந்த ஒரு தார்ப்பாய் இல்லாததுதான் குறை.

'தெருநாய் போடுறதை யாரு அள்ளுவா?'

கேட்பீர்கள் என்று தெரியும். தெருநாய்க்குச் சொந்தக்காரர் இல்லை; அது உள்ளாட்சியின் பொறுப்பு. கருத்தடையும் தடுப்பூசியும் முறையாக நடந்தால் எண்ணிக்கை குறையும்; கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை. 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்க்குச் சோறு வைக்கக் குழந்தைகள் விளையாடும் இடத்துக்குத் தள்ளி இடம் குறிக்கச் சொல்கின்றன. சோறு வைக்கிற புண்ணியவான்கள் அந்த இடத்தைச் சுத்தமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தெருநாய் போடுகிறது என்பதற்காக நாமும் போட விடலாம் என்றால்... தெருவில் துப்புகிறவன் இருக்கிறான் என்று நாமும் துப்புவோமா?

பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதும் ஒரு கலைதான். கோலத்தைக் காட்டிக் கத்தினால் அவர் ஜிம்மியின் வக்கீலாகிவிடுவார். சாயங்காலம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணே, ஜிம்மி எப்படி இருக்கான்? பூச்சி மருந்து கொடுத்தாச்சா? நம்ம பிள்ளைக மணல்ல விளையாடுதுக, அதான் பயமா இருக்கு. அள்ளிட்டீங்கன்னா நல்லாருக்கும்ணே" என்று சொல்லிப் பாருங்கள். நாயைத் திட்டாத வரைக்கும் எந்த நாய்க்காரரும் காது கொடுப்பார்.

அந்தப் பையனின் கதையை முடிக்கவில்லையே! மாத்திரை கொடுத்த இரண்டாம் நாளே அரிப்பு குறைந்தது. ஒரு வாரத்தில் கோடு மங்கிப் போனது. ரிட்டயர்டு சார் விஷயம் கேள்விப்பட்டு, ஜிம்மியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மலப் பரிசோதனை செய்தார். கொக்கிப்புழு இருந்தது. ஜிம்மியால்தான் வந்ததா, வேறு நாயாலா, இரவில் வரும் பூனையாலா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர் அதைக் கேட்கவும் இல்லை. இப்போது காலையில் அவர் ஒரு கையில் சங்கிலி, மறு கையில் பழைய மஞ்சள் பையோடு போகிறார். பைக்குள் நாலு துண்டு பேப்பர், ஒரு பால் கவர், ஒரு பாட்டில் தண்ணீர்.

கோலம் போடும் அம்மா முதல் பத்து நாள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாராம். பதினோராம் நாள், "சார், பால் கவர் எங்க வீட்ல நிறைய சேருது. கழுவி வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.